கோதுமையைத் தோண்டிப் பார்த்தவர்

அவருடைய வலது முன்கையில் ஒரு தழும்பு இருந்தது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஓர் உணவகச் சமையலறையில் எண்ணெய் தெறித்து வந்த காயம். பெரிய காயமல்ல. கட்டுப் போட்ட டொக்டர், அதை அவிழ்க்கவேண்டாம், அடுத்த டெர்மின் நாளில் வரும்போது நானே அவிழ்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். இவர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் கட்டை அவிழ்த்தார். பொருக்கின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உள்ளே என்ன நிறம் என்று பார்த்தார். பிறகு முந்தியதைவிட ஒழுங்காகக் கட்டிக்கொண்டு படுத்தார். அந்தக் காயம் ஆற ஒரு பனிக்காலம் முழுவதும் எடுத்தது.

"ஆறுதோ எண்டுதான் பாத்தனான்" என்பார், தழும்பைப் பற்றி யாராவது கேட்டால்.

நான் ஊரில் விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்தவன். இங்கே வந்தபின் கிழக்கு ஜெர்மனியில் ஒரு பயிர்ச் சோதனை நிலையத்தில் விதை எண்ணி, மண் நிறுத்து, ஓய்வு பெற்றவன். அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன், எந்தக் கடிதத்துக்குப் பதில் போடவேண்டும், எதற்குப் போடக்கூடாது என்று அறிந்தவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் அவர் முதலில் என்னிடம் தொலைபேசியில் வந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் வருடக்கணக்காகக் கிடப்பில் இருந்தது. ஓர் அலுவலகத்தில் கோப்பு தூங்கினால் அதைத் தூங்கவிடவேண்டும். தூங்கும் கோப்பு யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அவருடைய வழக்கறிஞரும் இதையே சொல்லியிருந்தார். இவரால் முடியவில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றிலும், முந்தியதில் விட்டுப்போனது என்று ஏதாவது சேர்த்தார். கடைசியில் ஒரு கடிதத்தில் ஆமிக்காரர் அவரை மார்கழியில் பிடித்தார்கள், இன்னொன்றில் தையில் பிடித்தார்கள். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உண்மை என்று கேட்டார். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

விசா சரிவந்த பிறகு எல்லோரும் செய்ததை அவர் செய்யவில்லை. ஊரில் சண்டை நின்றிருந்த வருடங்கள் அவை. எங்கள் ஆட்கள் பெட்டி நிறையச் சொக்லேட்டோடு போய், தங்கள் வளவுகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இவருடைய தோட்டக் காணி இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், படம் எடுக்கக்கூடாது. அவர் போகவில்லை. "மண் வேணும் அண்ணை" என்று என்னிடம் சொன்னார். "எந்த மண்ணெண்டாலும் பரவாயில்லை."

பெர்லினுக்கு வடகிழக்கே, போலந்து எல்லையை அண்டி, எனக்குத் தெரிந்த ஒரு விதவைக் கிழவி தன் வயலைக் குத்தகைக்குக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். மணல் கலந்த நிலம். பாசனம் கிடையாது, வானம் தருவதைக்கொண்டு வளரவேண்டும், அந்தப் பக்கத்து வானத்துக்குக் கை இறுக்கம். பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து வரும் காற்று தோலை உரிக்கும். அடுத்த வயல்காரன் ஒரு ஜெர்மன்காரன், அந்த நிலத்துக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தான். கிழவிக்கு அவனைப் பிடிக்காது. அவன் கலப்பையை விற்றுவிட்டவன். அறுத்த பயிரின் அடித்தாள் நிற்கும் நிலத்தை உழாமல், அதற்குள்ளேயே கீறி விதை போடுபவன். "என் புருஷன் உயிரோடு இருந்தால் அந்த வயலைப் பார்த்து அழுவார்" என்று கிழவி சொன்னார்.

எனவே எங்கள் ஆளைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். ஓர் அறுவடை. அது சரிவந்தால் பன்னிரண்டு வருடத்துக்கு எழுதித் தருவேன் என்றார். பண்ணையின் பின்பக்க வீட்டிலும் இருக்கலாம். சரிவராவிட்டால் பக்கத்து வயல்காரனுக்கு. நிபந்தனை இவ்வளவுதான். அவர் உணவக வேலையை விட்டார். மனைவியையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். திரும்பிப் போனால் அதே எண்ணெய்ச் சட்டிதான், அதுவும் முதலாளி மறுபடி எடுத்தால்.

ஆவணி முடிவில் முதல்தடவை வயலில் நின்றபோது அவர் தன் நிலத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வயலின் தாளைத்தான் பார்த்தார்.

"உது என்ன அண்ணை, அறுத்த வயலோ, குப்பை மேடோ?"

நான் என் உத்தியோகத்தைச் செய்தேன், விளக்கினேன். இங்கே கோதுமை பனிக்கு முதலே விதைத்து, பனிக்காலத்தை வயலிலேயே கழிக்கும் பயிர். இந்தக் குளிரில் தாள் நின்றால் பனியைப் பிடித்து வைத்திருக்கும்; பனி என்பது பயிருக்குப் போர்வை. உழாத மண்ணில் ஈரம் போகாது. மழை குறைந்த இடத்தில் ஒவ்வொரு உழவும் ஒரு மழையைத் தூக்கி எறிவது போல. நாங்கள் சோதனை நிலையத்தில் வருடம் வருடமாகப் பார்த்தது இது.

"அது இவங்கடை பஞ்சி, சோம்பேறித்தனம், அண்ணை. உழப் பஞ்சிப்பட்டவன் சொல்லுற ஞாயம்."

உழுதார். பழைய டிராக்டர் ஒன்றைப் பிடித்து, கிழவியின் புருஷன் விட்டுப்போன கலப்பையைப் பூட்டி, ஆழமாக உழுதார். பிறகு கட்டி உடைத்தார். கட்டி உடைந்த பிறகும் அங்கங்கே கட்டி இருக்கிறது என்று மறுபடி உடைத்தார். ஊரில் மானாவாரி நெல்லுக்கு நாங்கள் செய்வது அதுதான்: காய்ந்த நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுது புழுதியாக்கி, புழுதிக்குள்ளே அடர்த்தியாக விதைத்துவிட்டு மழையைப் பார்த்திருப்பது. அங்கே அது சரி. புழுதிக்குப் பின்னால் மாரி வரும், கொட்டோ கொட்டென்று கொட்டும். இங்கே புழுதிக்குப் பின்னால் வருவது காற்று. பக்கத்து வயலில் கோதுமை முளைத்துப் பச்சை தெரியும்போது இவர் இன்னும் மண்ணை அரைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். இடியப்ப மாப்போல இருந்தது. ஈரம் என்று பெயருக்கும் இல்லை.

"சோக்கான மண், என்ன?" என்றார்.

பிந்தி விதைத்தால் விதையைக் கொஞ்சம் கூட்டவேண்டும்; அது முறை. எவ்வளவு போடுகிறீர் என்று கேட்டேன்.

"கொஞ்சம் கையைத் தாராளமா விட்டிருக்கிறன்."

யந்திரத்தின் அளவைக் குனிந்து பார்த்தேன். நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு.

"தம்பி, கோதுமைக்கு இடம் விட்டால் ஒரு செடியே பக்கத்தில பக்கத்தில வெடிச்சுத் தூர் கட்டும். நெருக்கினால் ஒண்டை ஒண்டு மிதிச்சு மெலிஞ்சு போகும். வைகாசிக்கு முதலே நிலத்தில இருக்கிற தண்ணியைக் குடிச்சு முடிச்சிடும்."

"சாகிறது செத்தாலும் மிச்சம் கிடக்குமெல்லோ, அண்ணை."

அறிவுரை சொல்வது என் வாழ்நாள் தொழில். கேட்கப்படாமல் போவதும் அந்தத் தொழிலுக்குள் அடக்கம். ஊரில் அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் தந்தார்கள்.

விதைத்த மறுநாளே தோண்டத் தொடங்கினார். முளை விட்டதா என்று விரலால் கிளறி, விதையை எடுத்து, நகத்தால் பிளந்து பார்ப்பது. அவர் மனைவி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார்: "இஞ்சை காகத்துக்கு வேலையில்லை, அண்ணை. இவரே எல்லாத்தையும் கிண்டிப் போடுறார்."

முளைத்தது. நாற்றுமேடை மாதிரி நெருக்கமாக, ஊசி ஊசியாக, வெளிறின பச்சையில் வந்தது. அவருக்கு அது அழகாக இருந்தது. கிழவிக்கும் அழகாக இருந்தது. பக்கத்து வயலில் தாளுக்கு நடுவே ஐதாக நின்ற செடிகள் அதற்குள் தூர் கட்டத் தொடங்கியிருந்தன. ஆனால் தெருவால் போகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

தை மாதம் பனி கொட்டியது. பிறகு கிழக்குக் காற்று எழுந்தது. பக்கத்து வயலில் தாள் பனியை இறுகப் பிடித்துக்கொண்டது. அங்கே கணுக்கால் புதைந்தது. இவருடைய வயல் மேசை போல மட்டமானது. காற்று அதன் மேலிருந்த பனியை வழித்துக்கொண்டுபோய் வேலியோரம் கொட்டிவிட்டது. வெறும் மண்ணும் வெறும் பயிரும் நின்றன. அந்த வாரம் குளிர் நிலத்துக்குள் இறங்கிய விதத்தை நான் விவரிக்கப்போவதில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்தது என்று சொன்னால் போதும்.

அந்த நாட்களில் ஒருமுறை, அவர் வயலில் நிற்கும்போது, அவர் மனைவி குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் இவரிட்டைத் தம்பியாரைப் பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ."

சண்டை நின்ற முதல் வருடம் அது நடந்தது என்றார். காணி எப்படி இருக்கிறது, கிணறு தூர்ந்துபோச்சோ, எல்லைக் கல்லு நிற்கிறதோ என்று இவர் ஊரிலிருந்த தம்பிக்கு ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்திருக்கிறார். ஆமிக்காரர் விடும்போது பார்க்கலாம், பொறு அண்ணை என்று தம்பி சொல்லியிருக்கிறார். ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாவன் என்று இவர் விடவில்லை. தம்பி ஆடு மேய்க்கிறவர்களின் ஒற்றையடிப் பாதையால் போய்ப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் மிதிவெடியில் போயிற்று.

"கிணத்தைப் பாத்தவராம்" என்றார் மனைவி. "தண்ணி கிடக்காம்."

மாசி முடிவில் பனி கரைந்தபோது வயல் பழுப்பு நிறத்தில் கிடந்தது. உறைந்து உப்பிய மண் செடிகளை மேலே தூக்கிவிட்டிருந்தது. அவர் என்னை அழைத்து, எல்லாம் செத்துப்போச்சுது என்றார். இலையைப் பார்த்துச் சொல்ல ஏலாது என்று அதற்கான முறையைச் சொல்லிக்கொடுத்தேன். பல இடங்களில் மண்ணோடு செடியைக் கிளப்பி, கழுவி, இலையையும் வேரையும் குட்டையாக நறுக்கி, ஈரத் துணியில் சூடான இடத்தில் வைக்கவேண்டும். வேருக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் கழுத்துத்தான் செடியின் உயிர். அது உயிரோடிருந்தால் ஒரு கிழமைக்குள் வெள்ளை வேர் விடும். இது ஒருதரம் செய்கிற சோதனை. அவர் ஒவ்வொரு நாளும் செய்தார். ஒவ்வொரு நாளும் புதிய செடிகள் வந்தன. பழைய செடிகளையும் காலையும் மாலையும் துணியைத் தூக்கிப் பார்த்து, விரலால் அமத்தி, சிலதை நீளவாக்கில் பிளந்தார்.

"வாங்கோ அண்ணை, ஆஸ்பத்திரிக்கு" என்று மனைவி என்னை வரவேற்றார். சமையல் மேசை முழுவதும் தட்டு. "வயலில செத்தது பாதி. மிச்சத்தை இவர் போஸ்ட்மோட்டம் செய்யிறார். நாங்கள் மூண்டு பேரும் நிண்டுகொண்டு சாப்பிடுறம்."

"நீர் சும்மா இரும்" என்றார் அவர். "அண்ணை, பாருங்கோ. இது வெள்ளையோ, மஞ்சளோ?"

வெள்ளை. எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் மூன்றுக்கு ஒன்றில் வெள்ளை வேர் விட்டிருந்தது. நான் அவரோடு வயலுக்குப் போய், வெவ்வேறு இடங்களில் உயிருள்ள செடிகளை எண்ணிப் பார்த்தேன். போதும். எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னேன்: "நீர் இரட்டிப்பாய் விதைச்சது பிழை. ஆனால் அந்தப் பிழைதான் இப்ப உம்மைக் காப்பாத்தியிருக்கு. மூண்டில ரெண்டு செத்தும், தேவையான அளவு நிக்குது. இனி இடமும் கிடக்கு, தூர் கட்டும். உருளை ஒண்டு போட்டுக் கிளம்பின வேரை அமத்தும். உரத்தைப் போடும். பேந்து வயல் பக்கம் போகாதையும்."

"இதையோ அண்ணை, விடச் சொல்லுறியள்? சொட்டை விழுந்த தலை மாதிரிக் கிடக்கு."

"ஓம். இதைத்தான்."

"பாக்காமல் என்னெண்டு இருக்கிறது?"

"வீட்டில ரீவி இருக்குத்தானே."

பின்னால் வந்துகொண்டிருந்த மனைவி சொன்னார்: "அதையும் சத்தம் சரியில்லையெண்டு கழட்டிப் பாத்தவர். போன வருசமே செத்துப்போச்சு."

அவரும் சிரித்தார். உருளை போட்டார், உரம் போட்டார். விடுகிறேன் என்று எனக்கு வாக்குத் தந்தார். அன்றைக்கு அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஈஸ்டருக்கு நான் எசனில் மகள் வீட்டுக்குப் போனேன். அங்கே தொலைபேசி வந்தது. மனைவி பேசினார்.

"அண்ணை, உழுதிட்டார்."

ஏன் என்று கேட்டேன்.

"கிழவி பெருநாளுக்குப் பிள்ளையளோடை வந்து வயல் பாக்கப்போறாவாம். இப்பிடிக் கிடக்கிறதை என்னெண்டு காட்டுறதெண்டு ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை. இண்டைக்கு விடிய எழும்பிப் பாக்கிறன், டிராக்டர் சத்தம். நான் போய் முன்னுக்கு நிண்டனான், அண்ணை. என்னைச் சுத்திக்கொண்டு உழுதவர்."

வேலியோரம், மின்கம்பங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் கலப்பை திரும்ப வழியில்லாமல் ஒரு துண்டு தப்பியது. மற்றதெல்லாம், வெள்ளை வேர் விட்டதும் விடாததும், மண்ணுக்குள் போயிற்று. அதன் மேல் வசந்தகாலக் கோதுமையை, மறுபடி மாவாக அரைத்த மண்ணில், மறுபடி அடர்த்தியாக விதைத்தார். கிழவி வந்து, கோடு போட்டது போல் கிடந்த வயலைப் பார்த்து, என் புருஷனும் இப்படித்தான் வைத்திருப்பார் என்று சொல்லிக் கேக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த ஒரு நாளுக்காக அவர் அதைச் செய்தார். அந்த ஒரு நாள் நன்றாகவே கழிந்தது.

பிறகு மழை வரவில்லை. சித்திரையிலும் இல்லை, வைகாசியிலும் இல்லை. இரண்டுமுறை திருப்பிப் போட்ட மண்ணில் இருந்த கொஞ்ச ஈரமும் எப்போதோ போய்விட்டது. விதைத்ததில் பாதி முளைக்கவில்லை. முளைத்ததை அவர் தோண்டிப் பார்க்கவும் இல்லை. தெரிந்துவிட்டது. முழங்கால் உயரத்தில் நின்று, கையில் கசக்கினால் பதராய்ப் பறக்கும் கதிர் ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டு, ஆடி மாதத்துக்குள் வயல் வெளுத்துப்போயிற்று. பக்கத்து வயலிலும் பெரிய விளைச்சல் என்று சொல்லமுடியாது. ஆனால் அது அறுவடை.

அறுப்புக்கு முந்திய கிழமை நான் போனபோது அவர் மின்கம்பத்தடியில் நின்றார். உழாமல் தப்பிய துண்டு, ஓர் அறை அகலம் இருக்கும். தையில் செத்தது செத்து, மிஞ்சினது இடம் கிடைத்துத் தூர் கட்டி, இடுப்புக்கு மேல் நின்றது. கதிர் பாரத்தில் சாய்ந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது நான் பாக்காததாலை தப்பினது, அண்ணை" என்றார்.



அன்று பின்னேரம் கிழவி வந்தார். மகன் காரை ஓட்டி வந்தான். அவர் ஊன்றுகோலோடு இறங்கி வயல் ஓரமாகக் கொஞ்சத்தூரம் நடந்தார். மின்கம்பத்தடியில் சிறிது நேரம் நின்றார். பிறகு எங்களிடம் வந்து, நின்ற நிலையிலேயே பேசினார். உங்கள் உழைப்பில் நான் குறை சொல்லமாட்டேன். இவ்வளவு சுத்தமாக வயல் வைத்திருந்த ஒருவரை என் புருஷனுக்குப் பிறகு பார்க்கவில்லை. ஆனால் நிலத்தைப் பக்கத்துக்காரருக்குக் கொடுக்கிறேன். அவர் அடுத்த மாதமே விதைப்புக்குத் தொடங்கவேண்டும் என்கிறார். அதற்குமுன் வீட்டையும் விட்டுத்தாருங்கள். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் ஆள் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். உணவகச் சமையலறையில் வருடக்கணக்காக ஜெர்மன் முதலாளியிடம் ஏச்சு வாங்கியவர். என் அளவுக்கு இலக்கணம் வராவிட்டாலும் அந்த மொழியில் அவருக்கு விளங்காதது எதுவும் இல்லை. வாசலில் நின்ற அவர் மனைவிக்கும் விளங்கிவிட்டது. மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கிழவி எங்கள் முகத்தைப் பார்த்து நின்றார். எங்கள் ஆள் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, கிழவி என்ன சொல்லுறா?"

நான் முதலில் இருந்து சொன்னேன். உழைப்பைப் பற்றிச் சொன்னது, புருஷனைப் பற்றிச் சொன்னது, நிலம், வீடு, அடுத்த மாதம். ஒன்றையும் விடாமல், ஒன்றையும் மெதுவாக்காமல், நல்ல தமிழில் சொன்னேன். அவர் கிழவியின் வாயைப் பார்த்துக்கொண்டு என் குரலைக் கேட்டார். முடித்த பிறகும் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கும் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "எனக்கும் அப்பிடித்தான் விளங்கினது."